பனை வைத்தவர் ஒருவர், நுங்கு தின்றவர் இன்னொருவர்: இன்டெல்லை வைத்து சி.இ.ஓ.க்களைப் புரிந்துகொள்ளுதல்

2024ஆம் ஆண்டில், கணினிச் சிப்புகள் செய்யும் அமெரிக்க நிறுவனமான இன்டெல் 1,880 கோடி டாலர் நட்டம் காட்டியது. 1986க்குப் பிறகு அந்த நிறுவனம் ஓர் ஆண்டுக் கணக்கை நட்டத்தில் முடித்தது அதுவே முதல்முறை. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று தலைமைச் செயல் அதிகாரி, அதாவது சி.இ.ஓ., பாட் கெல்சிங்கர் பதவியிலிருந்து வெளியேறினார். செய்தியைப் படித்த பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்: இவர் நிறுவனத்தைக் கெடுத்தார், அதனால் அனுப்பிவிட்டார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு எண் போதும். கெல்சிங்கர் பதவியேற்ற 2021இல் இன்டெல்லின் விற்பனை 7,900 கோடி டாலர். அதுவரை அந்த நிறுவனம் தொட்டதிலேயே உயர்ந்த தொகை. அவர் வந்து பத்து மாதத்தில் வந்த அந்த உச்சத்தை அவர் கணக்கில் எழுத முடியாது என்பது எல்லோருக்கும் புரியும். அதே நியாயப்படி 2024இன் நட்டத்திலும் ஒரு பெரும்பங்கு அவருக்கு முன்பே தொடங்கியது. சி.இ.ஓ. ஒருவரின் முடிவுக்கும் அதன் விளைவு கணக்கில் தெரிவதற்கும் நடுவே எவ்வளவு காலம் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் யார் எதற்குப் பொறுப்பு என்று சொல்ல முடியும்.

இணையத்தில் ஓடும் மென்பொருளாக இருந்தால் இந்த இடைவெளி சில மாதங்கள்தான். சிப் தயாரிப்பில் அது ஆண்டுக்கணக்கு. கணினியின் மூளையாக வேலை செய்யும் சிப்புக்குப் பிராசஸர் என்று பெயர். புதிய பிராசஸர் ஒன்றை வரைபடத்தில் தொடங்கிக் கடைக்குக் கொண்டுவர மூன்று முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். ஃபேப் எனப்படும் சிப் ஆலையைக் கட்டி, இயந்திரங்களை நிறுவி, ஓட்டத்துக்குக் கொண்டுவர இன்னொரு மூன்று நான்கு ஆண்டுகள். அந்த ஆலையில் ஓடப்போகும் தயாரிப்பு முறைக்கு 'நோடு' என்று பெயர். 14 நானோமீட்டர், 10 நானோமீட்டர் என்றெல்லாம் சொல்வது இதைத்தான்; எண் சிறிதாகச் சிறிதாக நோடு புதியது. ஒரு நோடின் இலக்குகள், அது விற்பனைக்கு வருவதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பே நிர்ணயிக்கப்பட்டுவிடும். பெரிய நிறுவனங்களில் பல சி.இ.ஓ.க்கள் அமரும் காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். 'தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்று ஊரில் சொல்வார்கள். சிப் தொழில் முழுக்கப் பனங்காடு.

முன்னவர் பின்னவருக்கு விட்டுச்செல்வது இரண்டு. ஒன்று, பாதி வழியில் நிற்கும் தயாரிப்புகளும் ஆலைகளும். இதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவது, பணத்தையும் ஆலை நேரத்தையும் எதற்கு ஒதுக்குவது என்று நிறுவனம் தனக்குள் வைத்திருக்கும் விதி. இது ஆண்டறிக்கையில் தனித் தலைப்பாக வராது, ஆனால் சி.இ.ஓ.வை விட நீண்ட காலம் வாழும். இன்டெல்லின் ஐம்பது ஆண்டு வரலாற்றில் ஒரே விதி ஒருமுறை நிறுவனத்தைக் காப்பாற்றி, இன்னொரு முறை கீழே தள்ளியதைப் பார்க்கலாம்.

மெமரியைக் கைவிட்ட கதை

இன்டெல்லை 1968 ஜூலையில் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் தொடங்கியவர்கள் ராபர்ட் நாய்ஸ், கோர்டன் மூர். ஆண்டி குரோவ் தொடக்க நாளிலிருந்தே உடன் இருந்தார். நாய்ஸ் 1975 வரை சி.இ.ஓ., மூர் 1987 வரை, அதன்பின் 1998 வரை குரோவ்.

அன்று இன்டெல் என்றால் மெமரி சிப். 1970இல் வந்த 1103 என்ற சிப்தான் அதன் பெயரை நிலைநாட்டியது; அது டிரேம், அதாவது கணினி ஓடும்போது தரவை வைத்திருக்கும் மெமரி வகை. ஜப்பானின் பிசிகாம் என்ற கால்குலேட்டர் நிறுவனத்துக்காகச் செய்து 1971 நவம்பரில் சந்தைக்கு வந்த 4004, 2,300 டிரான்சிஸ்டர் (மிகச் சிறிய மின் சுவிட்ச்) கொண்ட முதல் வணிக மைக்ரோபிராசஸர், அப்போது ஒரு பக்கத் தொழில்தான். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் தரமான டிரேம் சிப்புகளைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தபோது இன்டெல்லின் மூலத் தொழில் ஆட்டம் கண்டது.

1985இன் நடுவில் மூரின் அறையில் நடந்த உரையாடலை குரோவ் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். இயக்குநர் குழு நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புது சி.இ.ஓ.வைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று குரோவ் கேட்டார். மெமரியிலிருந்து வெளியேறுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே ஏன் கதவுக்கு வெளியே போய்விட்டுத் திரும்பி உள்ளே வந்து அதைச் செய்யக்கூடாது என்பது குரோவின் அடுத்த கேள்வி. அந்த ஆண்டே டிரேமைக் கைவிட்டார்கள். 1986இல் 17.3 கோடி டாலர் நட்டம், ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று.

இந்த உரையாடலை மேலாண்மை வகுப்புகளில் தலைமைப் பண்புக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சொல்லாமல் விடும் பாதி அதைவிட முக்கியமானது. அந்த அறையில் பேச்சு நடப்பதற்கு முன்பே இன்டெல்லின் ஆலைகளில் பெரும்பாலானவை டிரேம் தயாரிப்பிலிருந்து விலகியிருந்தன. காரணம் ஒரு சாதாரண உள்விதி: ஒரு வேஃபரில், அதாவது சிப்புகளை அச்சிடும் சிலிக்கான் தட்டில், எந்தப் பொருள் அதிக லாபம் தருகிறதோ அதற்கே ஆலை நேரம். மைக்ரோபிராசஸர் வேஃபருக்கு அதிகம் ஈட்டியது. டிரேம் குறைவாக ஈட்டியது. நடுமட்ட மேலாளர்கள் மாதந்தோறும் விதியைப் பின்பற்றினார்கள், தொழில் தானாக இடம் மாறியது. மேலே இருந்தவர்கள் 1985இல் செய்தது, கீழே நடந்து முடிந்ததைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. அதற்கும் துணிவு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நிறுவனம் நெஞ்சில் பதித்துக்கொண்டது அந்த விதியைத்தான்: லாப விகிதம் அதிகமுள்ள பக்கம் போ.

1985 அக்டோபரில் வந்த 386 என்ற மைக்ரோபிராசஸர் குரோவுக்குக் கிடைத்த சீதனம். அதற்கு முந்தைய சிப்புகளை ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்களும் உரிமம் பெற்றுத் தயாரித்தன; ஒரே விற்பனையாளரை நம்பி இருக்கக் கணினி நிறுவனமான ஐ.பி.எம். விரும்பாததால் வந்த ஏற்பாடு அது. 386ஐ யாருக்கும் கொடுப்பதில்லை என்று இன்டெல் முடிவெடுத்தது. ஐ.பி.எம். தயங்கியது, 1986 செப்டம்பரில் இன்னொரு கணினி நிறுவனமான காம்பாக் அந்தச் சிப்பை வைத்து முந்திக்கொண்டது. அதன்பிறகு விலையை நிர்ணயிக்கும் இடத்தில் இன்டெல் உட்கார்ந்தது. குரோவ் சி.இ.ஓ. ஆன 1987இல் ஏறத்தாழ 190 கோடி டாலராக இருந்த ஆண்டு விற்பனை 1997இல் 2,500 கோடி டாலரைத் தாண்டியது. டிரேமை விடும் முடிவும் 386ஐத் தனியாக வைத்துக்கொள்ளும் முடிவும் மூர் சி.இ.ஓ.வாக இருந்தபோது எடுத்தவை. குரோவ் அப்போது அவருக்கு அடுத்த நிலையில் இருந்து அவற்றை நடத்தியவர். நட்டவரே நுங்கு தின்னும் பேறு சிப் தொழிலில் கிடைத்த ஒருசிலரில் அவர் ஒருவர். பதினொரு ஆண்டு பதவியில் இருந்ததே அதற்குக் காரணம்.

பாரெட்டும் ஒட்டெலினியும்

கிரெய்க் பாரெட் 1998 முதல் 2005 வரை. பொருளறிவியலில் முனைவர், ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர். ஓர் ஆலையில் தேறிய முறையை இயந்திர அமைப்பு, குழாய் நீளம் வரை மாற்றாமல் அடுத்த ஆலையில் அப்படியே நகல் எடுக்கும் இன்டெல்லின் ஒழுங்கு அவர் கைபட்டு வளர்ந்தது. அவர் காலத்தின் பெரிய சறுக்கல் ஐட்டேனியம் சிப். அதை எச்.பி. நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கியது குரோவ் காலத்தில், 1994இல்; கடைக்கு வந்தது 2001இல், பாரெட் காலத்தில். பழைய மென்பொருளை அது வேகமாக ஓட்டவில்லை. ஏ.எம்.டி. 2003 ஏப்ரலில் பழைய மென்பொருளையும் ஓட்டும் 64 பிட் சிப்பைக் கொண்டுவந்ததும் இன்டெல் அதையே பின்பற்ற வேண்டி வந்தது. அதே 2003இல் இஸ்ரேலின் ஹைஃபா குழு, மின்சாரம் குறைவாக எடுக்கும் பென்டியம் எம் என்ற மடிக்கணினிச் சிப்பைத் தந்தது. அதன் வழித்தோன்றல்தான் 2006 ஜூலையில் வந்த கோர் 2 டியோ. சந்தையை மீட்டுக் கொடுத்த அந்தச் சிப்பின் பெயரும் புகழும் அப்போது பதவியில் இருந்த பால் ஒட்டெலினிக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒட்டெலினி 2005 மே முதல் 2013 மே வரை. இன்டெல்லின் முதல் பொறியாளர் அல்லாத சி.இ.ஓ.; பொருளாதாரமும் வணிக மேலாண்மையும் படித்தவர். ஆப்பிள் கணினிகள் இன்டெல் சிப்புக்கு மாறியது அவர் காலத்தில். 2012இல் உலகிலேயே முதன்முதலாக முப்பரிமாண டிரான்சிஸ்டர் கொண்ட 22 நானோமீட்டர் சிப்புகள் விற்பனைக்கு வந்ததும் அவர் காலத்தில். விற்பனை 2005இன் 3,880 கோடி டாலரிலிருந்து 2012இல் 5,330 கோடிக்கு ஏறியது. கணக்கை மட்டும் பார்த்தால் குறைசொல்ல இடமில்லை.

ஆனால் இங்கேதான் 1985இன் விதி திரும்பிக் கடித்தது. ஆர்ம் வகைக் கைபேசிச் சிப்பான எக்ஸ்ஸ்கேல் தொழிலை 2006 ஜூனில் மார்வெல் நிறுவனத்துக்கு 60 கோடி டாலருக்கு இன்டெல் விற்றது. 2007 ஜனவரியில் ஐஃபோன் அறிமுகமானது. அந்தப் போனுக்குச் சிப் செய்யும் வாய்ப்பு இன்டெல்லிடம் வந்து நழுவியதை ஒட்டெலினியே பதவி விலகும் வேளையில் வெளிப்படையாகச் சொன்னார். ஆப்பிள் தர முன்வந்த விலை, இன்டெல் கணக்கிட்ட அடக்கவிலையை விடக் குறைவாக இருந்தது. அந்த அடக்கவிலைக் கணக்கே பிறகு தவறென்று தெரிந்தது. விற்பனை அளவோ யாரும் எதிர்பார்த்ததற்கு எத்தனையோ மடங்கு மேலே போனது.

இதை ஒரு மனிதரின் குறுகிய பார்வை என்று முடித்துவிடுவது சுலபம். வேஃபருக்கு அதிக லாபம் தருவதற்கே இடம் என்ற விதியை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரியான கணக்கு. சர்வர் சிப் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கும்போது சில டாலர் கைபேசிச் சிப்புக்கு ஆலை நேரம் கொடுப்பது விதிமீறல். டிரேமை விட்டதும் கைபேசியை விட்டதும் ஒரே தராசில் நிறுத்தெடுத்த முடிவுகள். முதல்முறை விலகிய தொழில் தேய்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை விலகிய தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. தராசு அந்த வேறுபாட்டைக் காட்டாது.

விட்ட இடத்தைப் பிறகு பிடிக்க முயன்றபோது ஆன செலவு ஓர் எண்ணில் தெரியும்: 2014இல் மட்டும் இன்டெல்லின் கைபேசிப் பிரிவு 420 கோடி டாலர் இயக்க நட்டம் கண்டது. 2016இல் கைபேசிச் சிப் முயற்சியை நிறுத்தினார்கள். இந்த இரண்டும் நடந்தபோது நாற்காலியில் இருந்தவர் பிரையன் கிர்ஸானிச்.

10 நானோமீட்டரில் என்ன உடைந்தது

கிர்ஸானிச் 1982 முதல் இன்டெல் ஆலைகளில் வளர்ந்த பொறியாளர். 2013 மே முதல் 2018 ஜூன் வரை சி.இ.ஓ. ஆலையை நன்கறிந்தவர் தலைமையில் இருந்த இந்தக் காலத்தில்தான் இன்டெல் தன் ஆலைப் பெருமையை இழந்தது. எப்படி என்று தெரிந்துகொள்ள விளைச்சல் என்ற சொல் வேண்டும்.

ஒரு வேஃபரில் 600 சிப் அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனையில் 450 தேறினால் விளைச்சல் 75 சதவீதம். 150 மட்டும் தேறினால் 25 சதவீதம். வேஃபருக்கு ஆன செலவு இரண்டிலும் ஒன்றே. ஆகவே இரண்டாவதில் தேறிய ஒவ்வொரு சிப்பின் அடக்கவிலையும் மூன்று மடங்கு. புதிய நோடு தோற்றது என்றால் சிப்பே வரவில்லை என்று பொருளில்லை. வந்தவற்றில் விற்கத் தகுந்தவை குறைவு என்று பொருள்.

ஒவ்வொரு புதிய நோடிலும் அதே பரப்பில் இரண்டு மடங்கு டிரான்சிஸ்டர் அடைப்பது பழைய வழக்கம். 10 நானோமீட்டரில் இன்டெல் வைத்த இலக்கு 2.7 மடங்கு, சதுர மில்லிமீட்டருக்கு 10 கோடி டிரான்சிஸ்டர். மிகக் குறுகிய அலைநீளம் கொண்ட இ.யு.வி. ஒளி இயந்திரங்கள் அன்று உற்பத்திக்குத் தயாராக இல்லை. ஆகவே 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள பழைய ஒளியை வைத்தே, ஒரு முறை போட்ட கோட்டை வைத்து நான்கு கோடுகள் எடுக்கும் முறையை நுணுக்கமான அடுக்குகளில் பயன்படுத்தினார்கள். படி கூடக் கூடப் பிழை நுழையும் வாய்ப்பும் கூடும். அதோடு அடிமட்டக் கம்பிகளில் செம்புக்குப் பதில் கோபால்ட். டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பகுதியான 'கேட்'டுக்கு நேர் மேலேயே இணைப்பை இறக்கும் புதிய அமைப்பு. ஒவ்வொன்றும் தனியாகக் கடினம். எல்லாவற்றையும் ஒரே நோடில் சேர்த்ததால் விளைச்சல் விழுந்தபோது எது காரணம் என்று பிரித்தறிவதே பெரும்பாடானது. இலக்கு அளவுக்கு மிஞ்சியது என்பதைப் கிர்ஸானிச்சுக்கு அடுத்து சி.இ.ஓ. ஆன பாப் ஸ்வான் பின்னாளில் பொதுமேடையிலேயே ஒப்புக்கொண்டார்.

2016க்குத் திட்டமிட்ட நோடு 2017க்குத் தள்ளியது. 2018இல் ஒரு சிறிய சிப் பெயருக்கு வந்தது. பெருமளவில் கிடைத்தது 2019இன் இறுதியில். நான்கைந்து ஆண்டு முன்பே இலக்கு வைப்பார்கள் என்ற கணக்கைப் போட்டால் 2016க்கான நோடின் வேர் ஒட்டெலினியின் கடைசி ஆண்டுகளில் இருக்கிறது. இலக்கு கிர்ஸானிச் கைக்குப் பாதியில் வந்தது. தடுமாறுகிறது என்று தெரிந்தபின் இலக்கைத் தளர்த்தாமல் தேதியை மட்டும் ஆண்டுக்கொருமுறை தள்ளியது அவர் காலத்துத் தவறு.

இன்டெல்லின் சிப் வடிவமைப்புகள் குறிப்பிட்ட நோடுக்கென்றே வரையப்பட்டவை. நோடு வராவிட்டால் புதிய வடிவமைப்பும் நிற்கும். 2015இல் வந்த ஸ்கைலேக் என்ற வடிவமைப்பையே மேசைக்கணினிகளுக்கு 2020 வரை 14 நானோமீட்டரில் புதுப்பெயர் வைத்து விற்க வேண்டியதாயிற்று. ஏ.எம்.டி.யோ தன் ஆலைகளை 2009இலேயே தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டிருந்தது. 2019 ஜூலையில் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில் 7 நானோமீட்டரில் அதன் ஸென் 2 சிப்புகள் வந்து இறங்கின.

கிர்ஸானிச் வெளியேறியது இந்தத் தாமதத்துக்காக அல்ல. ஊழியர் ஒருவருடனான பழைய உறவு நிறுவன விதியை மீறியது என்பதற்காக. சி.இ.ஓ. மாறும் காரணமும் நிறுவனத்தின் நோயும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை.

நிதிக்காரர், பொறியாளர்

அடுத்து வந்த ஸ்வான் இன்டெல்லின் தலைமை நிதி அதிகாரியாக இருந்தவர். 2020 ஜூலை 23 அன்று அடுத்த நோடான 7 நானோமீட்டரும் உள் இலக்கைவிட ஓராண்டு பின்தங்கியிருப்பதை அறிவித்தார். மறுநாள் பங்கு 16 சதவீதம் சரிந்தது. 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,300 கோடி டாலருக்கும் மேல் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்க இன்டெல் செலவிட்டது. 1990 முதல் கூட்டினால் இந்த 'பைபேக்' செலவு 15,000 கோடி டாலரைத் தாண்டும். ஆலை தடுமாறும் வேளையில் அந்தப் பணத்தின் ஒரு பகுதியாவது ஆலைக்குப் போயிருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் இந்தப் பழக்கத்தை ஸ்வான் தொடங்கவில்லை. முப்பது ஆண்டு நடைமுறையைத் தொடர்ந்தார்.

நிதிக்காரர் வந்தால் தொழில்நுட்ப நிறுவனம் கெடும், பொறியாளர் வந்தால் செழிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. இன்டெல்லின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 22 நானோமீட்டரில் உலகை முந்தியது வணிகம் படித்தவரின் காலத்தில். 10 நானோமீட்டரில் விழுந்தது ஆலைப் பொறியாளரின் காலத்தில்.

2021 பிப்ரவரியில் வந்த கெல்சிங்கர் பொறியாளர்களுக்குப் பொறியாளர். 18 வயதில் இன்டெல்லில் சேர்ந்து, 386 குழுவில் வேலை செய்து, 486இன் தலைமை வடிவமைப்பாளர் ஆனவர். 2009இல் விலகி, வி.எம்.வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தை நடத்திவிட்டுத் திரும்பினார். பைபேக்கை நிறுத்தினார். நான்கு ஆண்டுகளில் ஐந்து நோடு என்று அறிவித்தார். அரிசோனாவில் 2,000 கோடி டாலரில் இரண்டு ஆலைகள், ஒஹையோவில் அதே தொகைக்கு இன்னும் இரண்டு. வேறு நிறுவனங்களின் சிப்புகளையும் கூலிக்குச் செய்து தரும் ஃபவுண்ட்ரி தொழிலில் இறங்கினார்.

10 நானோமீட்டரின் பாடம் அவர் காலத்தில் ஏறியிருந்ததற்கு ஒரு சான்று உண்டு. 18ஏ என்ற நோடில் இரண்டு பெரிய புதுமைகள்: டிரான்சிஸ்டரை நான்கு பக்கமும் சூழும் கேட், சிப்பின் முதுகுப் பக்கமாக மின்சாரம் செலுத்துதல். இரண்டையும் முதல்முறையாக ஒன்றாக இறக்காமல், முதுகுவழி மின்சாரத்தை மட்டும் தேறிய பழைய டிரான்சிஸ்டரோடு சேர்த்து ஒரு சோதனைச் சிப்பில் ஓட்டிப் பார்த்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். எது பழுதானாலும் எதனால் என்று தெரியும்.

பிசகியது பணக் கணக்கில். பெருந்தொற்றுக் காலத்தில் எகிறிய கணினி விற்பனை 2022இல் இறங்கியது. இன்டெல்லின் ஆண்டு விற்பனை அந்த ஆண்டே 6,310 கோடி டாலருக்கு வந்து, 2024இல் 5,310 கோடியானது. தரவு மையங்களின் பணம் செயற்கை நுண்ணறிவுக்காக என்விடியாவின் சிப்புகளுக்குப் போனது. 2023இல் ஃபவுண்ட்ரிப் பிரிவின் இயக்க நட்டம் மட்டும் 700 கோடி டாலர். வெளி வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே ஆலைகள் எழும்பின. 2024 ஆகஸ்ட் 1 அன்று 15,000 பேர் வேலைக்குறைப்பும் ஈவுத்தொகை நிறுத்தமும் அறிவிக்கப்பட்டன. மறுநாள் பங்கு 26 சதவீதம் விழுந்தது. 2021இல் திட்டத்துக்கு ஒப்புதல் தந்த இயக்குநர் குழு, பலன் தெரியும் காலம் வருவதற்கு முன்பே நம்பிக்கை இழந்தது.

புதிய சி.இ.ஓ. வந்தால் எதைப் பார்ப்பது

அறிவிப்பு நாளின் பங்கு விலையைத் தள்ளிவையுங்கள். அது நம்பிக்கையின் விலை. ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: முடிவெடுத்த ஆண்டு, பலன் தெரிந்த ஆண்டு, அந்த இரு ஆண்டுகளிலும் பதவியில் இருந்தவர்கள். ஐட்டேனியம், எக்ஸ்ஸ்கேல், 10 நானோமீட்டர், 18ஏ என்று நிரப்பினால் பெரும்பாலான வரிகளில் இரண்டு வேறு பெயர்கள் வரும். ஏ.எம்.டி.யிலும் இதே முறை செல்லும். லிசா சூ 2014 அக்டோபரில் சி.இ.ஓ. ஆனார், 2017 மார்ச்சில் வந்து நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திய ஸென் வடிவமைப்பு வேலையோ முன்னவர் ரோரி ரீட் காலத்தில் தொடங்கியது. சூ அப்போது அங்கே மூத்த அதிகாரி. அவருடைய திறமைக்கு இது குறைவல்ல. கையில் கிடைத்த நல்ல விதையை அடையாளம் கண்டு, மற்ற செலவுகளை வெட்டி அதற்குத் தண்ணீர் விட்டதுதான் அவர் செய்த பெரிய வேலை.

முதல் சில காலாண்டுகளின் நட்டத்தை அவசரப்பட்டு மதிப்பிட வேண்டாம். புதிதாக வருபவர்கள் முன்னவர் காலத்துச் சொத்துகளின் கணக்கு மதிப்பைத் தொடக்கத்திலேயே குறைத்து எழுதிவிடுவது உண்டு; பழி முன்னவருக்குப் போகும், அடுத்த ஆண்டு ஒப்பீடும் எளிதாகும். மாறாகப் பதவியில் இருப்பவர் காலத்திலும் இது நடக்கலாம். 2024இன் மூன்றாம் காலாண்டில் இன்டெல் காட்டிய 1,660 கோடி டாலர் நட்டத்தின் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில் கையைவிட்டுப் போன ரொக்கம் இல்லை. சொத்து மதிப்புக் குறைப்பும் வரிச் சலுகைக் கணக்கைத் திருத்தியதும்தான்.

தேய்மானக் கணக்கையும் கவனியுங்கள். 2023 ஜனவரியிலிருந்து இன்டெல் தன் ஆலை இயந்திரங்களின் ஆயுளை 5 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக மாற்றிக் கணக்கிட்டது. 100 ரூபாய் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் எழுதிய செலவு 12 ரூபாய் 50 காசாகிறது. இயந்திரம் மாறவில்லை, லாபம் கூடுகிறது. இது முறையான மாற்றம்தான். ஆனால் மொத்த லாப விகிதத்தை முந்தைய ஆண்டோடு ஒப்பிடும்போது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நம்பகமான அளவுகோல், சொன்ன தேதியையும் வந்த தேதியையும் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது. ஒரு நோடு ஒருமுறை தள்ளிப்போவது இந்தத் தொழிலில் சகஜம். இரண்டாம் முறை தள்ளும்போது இலக்கைக் குறைத்தார்களா, இல்லை அதே இலக்கோடு தேதியை மட்டும் மாற்றினார்களா என்று பாருங்கள். அதோடு பெரிய கொள்முதல்களின் பின்கதையையும் தேடுங்கள். 2015இல் 1,670 கோடி டாலர் கொடுத்து இன்டெல் வாங்கிய ஆல்டெரா என்ற சிப் நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கு 2025இல் விற்கப்பட்டபோது அந்த நிறுவனம் முழுவதற்கும் போட்ட மதிப்பு 875 கோடி. வாங்கியவரும் விற்றவரும் வேறு வேறு சி.இ.ஓ.க்கள், நடுவே இருவர் வந்துபோனார்கள்.

விற்றவர் லிப்-பு டான். மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர். சிப் வடிவமைப்பு மென்பொருள் செய்யும் கேடன்ஸ் நிறுவனத்தை 2009 முதல் 2021 வரை நடத்தியவர். 2025 மார்ச்சில் இன்டெல் பொறுப்பை ஏற்றார். ஜெர்மனி, போலந்து ஆலைத் திட்டங்களைக் கைவிட்டார், ஒஹையோ வேலையின் வேகத்தைக் குறைத்தார். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு 890 கோடி டாலருக்கு ஏறத்தாழ 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. அக்டோபரில் அரிசோனாவின் சாண்ட்லரில் உள்ள ஃபேப் 52இல் 18ஏ சிப்புகள் ஓடுவதாக அறிவித்ததும் டானின் நிர்வாகம்தான். அந்த ஆலைக்கும் நோடுக்கும் கால்கோள் இட்டவர் அப்போது அங்கே இல்லை.

டானின் சொந்த முடிவு என்று எழுதத்தக்கது அடுத்த நோடான 14ஏ பற்றியது. வாடிக்கையாளர் உறுதிதந்தால் மட்டுமே அதற்கு ஆலைத் திறன் கட்டுவோம் என்று 2025 ஜூலையில் சொன்னார். பெரிய வெளி வாடிக்கையாளர் யாரும் வராவிட்டால் 14ஏ வேலையை நிறுத்திவைக்கவோ கைவிடவோ நேரலாம் என்று அதே மாதக் காலாண்டு அறிக்கையிலும் நிறுவனம் எழுதியது. ஆலையை முதலில் கட்டி வாடிக்கையாளருக்குக் காத்திருந்த கெல்சிங்கரின் வழிக்கு நேர் எதிர் வழி இது. செலவு உடனே குறையும், அது அடுத்த காலாண்டுக் கணக்கிலேயே தெரியும். 14ஏ பெருமளவு உற்பத்திக்குப் பேசப்படும் காலம் இந்தப் பத்தாண்டின் இறுதி. அப்போது ஒரு வாடிக்கையாளர் சிப்பைக் கேட்டுவந்தால் கொடுக்க ஆலை இருக்குமா என்பது இப்போது எழுதப்படும் முதலீட்டுத் தொகையில் தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது.